மகள் வீட்டின் தாய்ப்பத்திரம்

எட்மண்ட், ஓக்லஹோமா
மே 18

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய ஆவல். தங்கச்சிக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்த்துவிட்டு வெயிலில் உட்காரச் சொன்னேனே, செய்கிறாளா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு முன்பல் 2 விழுந்துவிட்டது. அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாள். காற்றுதான் ஓயாமல் அடிக்கிறது. மண் நம் ஊர்ச் செம்மண் மாதிரியே சிவப்பு. முதல் நாள் பார்த்தபோது கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தேன்.

போன மாதம் போனில் நீ கேட்டாய்: "அமெரிக்காவுக்கே சரித்திரம் கொஞ்சம், அதிலும் நீ போயிருக்கிற மாநிலத்தின் பேரை இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை, அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த 2 மாதத்தில் நிறையப் பார்த்துவிட்டேன், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு பத்திரத்தில் ஆரம்பித்தது. வந்த 4-வது நாள் மகளிடம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினேன். 33 வருஷம் சர்வேயராக நிலம் அளந்த பழக்கம் போகுமா? சொத்து விவரத்தில், வடக்கே இத்தனையாவது டவுன்ஷிப், மேற்கே இத்தனையாவது ரேஞ்ச், "இந்தியன் மெரிடியன்" என்று இருந்தது. அது என்ன கோடு என்று தேடினேன். 1870-ல் இந்த மாநிலத்தின் தெற்கே, ஆர்பக்கிள் கோட்டை என்ற இடத்துக்குப் பக்கத்தில், சர்வேயர்கள் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லிலிருந்து வடக்கு தெற்காக ஒரு கோடு, கிழக்கு மேற்காக ஒரு கோடு. மேற்கே வால் மாதிரி நீண்டிருக்கும் பகுதி நீங்கலாக, மாநிலத்தின் ஒவ்வொரு மனையும் இன்றைக்கும் அந்த ஒரே கல்லிலிருந்துதான் கணக்கு.

அளந்தது எந்தச் சங்கிலியால் தெரியுமா? நம் பழைய நில அளவைப் புத்தகத்தில் (எஃப்.எம்.பி.) வருமே, அதே 66 அடி, 100 லிங்க் சங்கிலி. 80 சங்கிலி ஒரு மைல். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதை நாலாக வெட்டினால் 40 சங்கிலிக்கு 40 சங்கிலி, 160 ஏக்கர். ஒவ்வொரு மூலைக்கும் கல். வாய்க்கால் எங்கே வளைகிறது, மேடு எங்கே இருக்கிறது என்று எதையும் பார்க்காமல் கட்டம் போட்டிருக்கிறார்கள். நாம் ஒரு வரப்பின் கோணலுக்கு அரை நாள் நின்றது நினைவுக்கு வந்தது.

கட்டம் போட்டது ஏன் என்பதில்தான் கதை இருக்கிறது. 1889 ஏப்ரல் 22, நண்பகல் 12 மணி. இந்த மாநிலத்தின் நடுவில் சுமார் 20 லட்சம் ஏக்கரை, யார் முதலில் ஓடிப்போய்ப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு என்று அரசாங்கம் அறிவித்தது. ஏறக்குறைய 50,000 பேர் எல்லையில் வந்து நின்றார்கள். குதிரையில், கூண்டு வண்டியில், ரயிலில், கால்நடையாக. பெண்களும் இருந்தார்கள், கறுப்பின மக்களும் இருந்தார்கள். அடையாளச் சத்தம் கேட்டதும் ஓட்டம். மூலைக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த 160 ஏக்கரில் ஒரு முளையை அடித்து, பிறகு நில அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். காலையில் ரயில் நிலையமும் சில கட்டடங்களும் மட்டும் இருந்த ஓக்லஹோமா சிட்டியில் அன்று சாயங்காலம் 10,000 பேர். கத்ரி என்ற ஊரிலும் அப்படித்தான். எல்லாம் கூடாரம்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நம் தொழில்காரர்களான சர்வேயர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார். ஓக்லஹோமா சிட்டியில் வடக்குப் பக்கம் ஒரு கோஷ்டியும் தெற்குப் பக்கம் இன்னொரு கோஷ்டியும் தனித்தனியாக மனை அளந்தார்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் தெருக்கள் பொருந்தவில்லை. பஞ்சாயத்துப் பேசி, ஒடித்து ஒடித்துச் சேர்த்தார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் முளை அடித்த வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்திருக்கின்றன.

12 மணிக்கு முன்பே காவலுக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து, புதரில் ஒளிந்திருந்து இடம் பிடித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு "சூனர்" என்று பேர் வந்தது. நேரத்துக்கு முன்னால் வந்தவன் என்று அர்த்தம். பிற்பாடு அதையே மாநிலத்தின் செல்லப்பெயராக வைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழக அணிக்கும் அதே பேர். மாப்பிள்ளை, "அது சுறுசுறுப்பைக் குறிக்கிற பேர் மாமா" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டி ராத்திரியில் வந்தவனை நாம் வாழ்நாளெல்லாம் என்ன பேர் சொல்லி அழைத்தோம்?

நகரத்தில் கால்வாய் ஓரமாக அந்த ஓட்டத்தை வெண்கலத்தில் வடித்து வைத்திருக்கிறார்கள். குதிரைகள் ஆளைவிடப் பெரிது. வண்டிகள் தண்ணீரைத் தாண்டிப் பாய்கிற மாதிரி நிற்கின்றன. வேலை அற்புதம். அதில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றுதான். அந்த நிலம் யாருடையது என்று ஒரு கல்கூட எனக்குச் சொல்லவில்லை. மகள் வீடு இருக்கிற எட்மண்டும் அந்த ஓட்டத்தில் பிறந்த ஊர்தான். ஆகவே இந்த வீட்டின் தாய்ப்பத்திரம் 1889-க்கும் முன்னால் இருக்க வேண்டும் இல்லையா? அதைத் தேடிப் போனேன்.

தென்கிழக்கே ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பிப் பக்கம் வாழ்ந்த பூர்வகுடி மக்கள் செரோக்கி, மஸ்கோகி, சாக்டா, சிக்கசா, செமினோல். அவர்களில் செரோக்கிகளுக்குச் சொந்த எழுத்தே இருந்தது. செக்கோயா என்ற ஒருவர் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து, தங்கள் மொழியின் ஒவ்வொரு அசைக்கும் ஒரு எழுத்து என்று 80-க்கு மேல் எழுத்துகளை உருவாக்கி 1821-ல் முடித்தார். 1828-ல் அந்த எழுத்தில் பத்திரிகையே அச்சடித்தார்கள். அப்படிப்பட்டவர்களைத்தான், 1830-ல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியாக இருந்தபோது சட்டம் போட்டு, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போ என்று விரட்டினார்கள். சாக்டாக்கள் 1831-ல் முதலில் கிளம்பினார்கள். செரோக்கிகளை 1838-ல் பட்டாளம் வந்து வீட்டிலிருந்து இழுத்து முகாமில் அடைத்து அனுப்பியது. சுமார் 16,000 பேர். வழியிலும் முகாமிலும் செத்தவர்கள் ஏறக்குறைய 4,000 என்கிறார்கள். கண்ணீர்ப் பாதை என்று அதற்குப் பேர். அது வந்து முடிகிற இடம் இந்த மாநிலம். ஓக்லஹோமா என்பதே சாக்டா மொழிச் சொல்தான். ஓக்லா என்றால் மக்கள், ஹுமா என்றால் சிவப்பு.

சாக்டாக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடந்து வந்து 16 வருஷம்தான் ஆகியிருந்தது. 1847-ல், கடல் தாண்டி அயர்லாந்தில் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தங்களுக்குள் வசூல் செய்து 170 டாலர் அனுப்பினார்கள். பசி என்ன என்று தெரிந்தவர்கள். அயர்லாந்துக்காரர்கள் அதை மறக்கவில்லை. அவர்கள் ஊரில் 9 எஃகு இறகுகளை வட்டமாக நட்டு அதற்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, அமெரிக்காவில் வேறு பூர்வகுடிகளான நவாஹோ, ஹோப்பி மக்களுக்கு, அந்தப் பழைய கடனை நினைத்து அயர்லாந்திலிருந்து பணம் வந்தது. இதைப் படித்த அன்று மகளை எழுப்பிச் சொன்னேன், ராத்திரி 11 மணி.

சரி, தாய்ப்பத்திரத்துக்கு வருகிறேன். மஸ்கோகிகளுக்கு இந்த மண் உங்களுக்கு நிரந்தரம் என்று ஒப்பந்தம் எழுதி, 1852-ல் அரசாங்கம் முறைப்படி பட்டாவே கொடுத்தது. பிறகு வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் வந்தது. இந்த மக்களில் ஒரு பகுதியினர் தெற்கோடு சேர்ந்தார்கள், ஒரு பகுதியினர் சேரவில்லை. போர் முடிந்து 1866-ல் எல்லோருக்கும் சேர்த்துத் தண்டனை. மஸ்கோகிகளிடம் மேற்குப் பாதியை ஏக்கர் 30 சென்ட் என்று எழுதி வாங்கினார்கள். செமினோல்களிடம் ஏக்கர் 15 சென்ட். அவர்கள் குடியிருக்க வேறு நிலம் வேண்டுமே? அதை அவர்களுக்கு ஏக்கர் 50 சென்ட் என்று விற்றார்கள். 15-க்கு வாங்கியவர்கள் 50-க்கு விற்ற கணக்கை நான் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அப்படி வாங்கிய நிலத்தின் ஒரு பகுதியைத்தான், 1889-ல் இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்து மிச்சப் பாத்தியதையையும் தீர்த்துக்கொண்டு, ஓட்டத்துக்குத் திறந்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து எழுதுகிற இந்த மேசை அந்த நிலத்தில் இருக்கிறது, சண்முகம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை என்னை டல்சாவுக்குக் கூட்டிப் போனார். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், குடியிருப்பு வீடுகளுக்கு நடுவில், சின்னப் பூங்கா. அதில் ஒரு ஓக் மரம். 1836-ல் அலபாமாவிலிருந்து நடந்து வந்த மஸ்கோகிகளில் ஒரு ஊரார், தங்கள் பழைய ஊரின் புனித நெருப்பிலிருந்து எடுத்த சாம்பலை வழியெல்லாம் காத்துக் கொண்டுவந்து, இந்த மரத்தடியில் வைத்துப் புது நெருப்பு மூட்டினார்கள். அங்கேதான் கூடிப் பேசுவார்கள். டல்சா என்ற பேரும் அவர்கள் விட்டுவந்த ஊரின் பேரிலிருந்து வந்ததுதான். பழைய ஊர் என்று பொருளாம். மரம் இன்னும் தளதளவென்று நிற்கிறது. பட்டையில் கை வைத்தேன், வெடிப்புக்குள் விரல் முழுசாகப் போனது. வேரோடு பிடுங்கி அனுப்பப்படுகிறவன் சாமானை விட்டுவிட்டுச் சாம்பலைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்றால், அவனுக்கு ஊர் என்பது என்னவாக இருந்திருக்கும்? அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு வந்தோம்.

அதே நாள் மத்தியானம் டல்சாவிலேயே கிரீன்வுட் போனோம். இது கறுப்பின மக்களின் வீதி. கடைகள், சினிமாக் கொட்டகை, டாக்டர்கள், வக்கீல்கள் என்று செழித்திருந்த இடம். 1921 மே 31 அன்று, டிக் ரோலண்ட் என்ற 19 வயது ஷூ பாலிஷ் போடும் பையன், லிஃப்ட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தொட்டான் என்று புரளி. (வழக்கு பிறகு நிற்கவே இல்லை.) வெள்ளையர் கூட்டம் துப்பாக்கியோடு கிளம்பியது. மறுநாள் மத்தியானத்துக்குள் 35 வீதிக் கட்டங்கள் சாம்பல். ஆயிரத்துக்கு மேல் வீடுகள். செத்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பணம் யாருக்கும் கிடைக்கவில்லை. ஒரு தேவாலயம் திறந்து 2 மாதம்கூட ஆகவில்லை, எரிந்துபோனது. இல்லாத கட்டடத்துக்கு அந்தச் சபையார் ஆண்டுக்கணக்காகக் கடன் கட்டி முடித்தார்கள்.

நம் தொழிலுக்கு நெருக்கமானது இதற்கு அடுத்தது. சாம்பல் ஆறுவதற்குள், நகர நிர்வாகம் தீத்தடுப்பு விதி என்று ஒன்று கொண்டுவந்தது. இன்ன பொருளில்தான் வீடு கட்டலாம் என்று. கையில் காசில்லாதவன் கட்ட முடியாது, நிலத்தை விற்றுவிட்டுப் போவான் என்பதுதான் எண்ணம். பி.சி. ஃபிராங்க்ளின் என்ற கறுப்பின வக்கீல், அலுவலகம் எரிந்துபோனதால் ஒரு கூடாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, அந்த விதியை எதிர்த்து வழக்கு நடத்தி ஜெயித்தார். ஜனங்கள் அதே மண்ணில் திரும்பக் கட்டினார்கள். இப்போது நடைபாதையில் அங்கங்கே பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். கடையின் பேர், 1921-ல் அழிக்கப்பட்டது, திரும்பத் திறந்தது. சிலவற்றில் திரும்பத் திறக்கவில்லை. குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நாம் நட்ட கல்லைப் பல வருஷம் கழித்துப் புதரை விலக்கித் தேடுவோமே, அந்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இதைச் சொல்லித்தரவே இல்லை என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மாப்பிள்ளையிடம் சொன்னார். 2020-க்குப் பிறகு கல்லறையைத் தோண்டி, புதைத்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓசேஜ் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் கதையும் நிலம்தான். தங்கள் காசு கொடுத்து வாங்கிய நிலம். அடியில் எண்ணெய் கிடைத்தது. நிலத்தைப் பங்கு பிரித்தாலும், அடியில் இருப்பது எல்லோருக்கும் பொது என்று 1906-லேயே கெட்டியாக எழுதி வாங்கியிருந்தார்கள். அந்தப் பங்குக்காகவே வெள்ளையர் சிலர் அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டு, விஷம் வைத்தும் சுட்டும் கொன்றார்கள். அதை விரிவாக எழுத எனக்குக் கை வரவில்லை.

1930-களில் புழுதி. மேற்கே அந்த வால் பகுதியில், காலங்காலமாக வேர்விட்டு மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லைப் புரட்டிப் போட்டுக் கோதுமை விதைத்தார்கள். மழை பொய்த்தது. பிடிப்பு இல்லாத மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் கறுப்பு மலை மாதிரி புழுதி வந்து எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் இருட்டியது. ஜனங்கள் மூட்டை கட்டிக் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். போன இடத்தில் "ஓக்கி" என்று இளக்காரமாக அழைக்கப்பட்டார்கள். நிலம் பிடிக்க ஓடி வந்த மாநிலத்திலிருந்தே, 50 வருஷத்துக்குள் ஜனங்கள் ஓட வேண்டி வந்தது. அதே காலத்தில் அரசாங்கம் காற்றைத் தடுக்க வரிசை வரிசையாக மரம் நட்டது. அந்தத் திட்டத்தின் முதல் மரத்தை நட்டதும் இந்த மாநிலத்தில்தான்.

இன்னும் இருக்கிறது. கடையில் தள்ளிக்கொண்டு போகிறோமே சாமான் வண்டி, அது 1937-ல் ஓக்லஹோமா சிட்டிக் கடைக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது. அதே நகரத்தில் 1958-ல் கிளாரா லூப்பர் என்ற சரித்திர டீச்சர், 13 கறுப்பினப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடையில் உட்கார்ந்து கோக் கேட்டார். கொடுக்கவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தார்கள். சில நாளில் கடை இறங்கி வந்தது. அந்தப் போராட்டத்துக்கு யோசனை சொன்னதே அவர் மகள்தானாம். வேறொரு மாநிலத்தில் நடந்து உலகமெல்லாம் பேசப்பட்ட போராட்டத்துக்கு ஒன்றரை வருஷம் முந்தியது இது. இந்த அம்மா பேர் ஏன் நமக்குத் தெரியாமல் போனது?

1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா சிட்டியில் அரசாங்கக் கட்டடத்தில் நடந்த குண்டுவெடிப்பு உனக்கு நினைவிருக்கும், பேப்பரில் படித்தோம். 168 பேர், அதில் 19 பேர் குழந்தைகள். அந்த இடத்தில் 168 நாற்காலிகள் வைத்திருக்கிறார்கள், 9 மாடிக்கு 9 வரிசை. குழந்தைகளுக்குச் சின்ன நாற்காலி. பேத்தி அதைப் பார்த்ததும் அது தன் அளவு என்று உட்காரப் போனாள். மகள் அவளைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரில் ஒரு எல்ம் மரம், வெடிப்பில் கருகி, செத்துப்போச்சு என்று நினைத்தது தளிர்த்தது. அதன் கன்றுகளை வருஷா வருஷம் ஊர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

கடைசியாக அந்த 1852 பட்டா. 1907-ல் மாநிலம் உண்டானபோது மஸ்கோகி நாடு அதோடு முடிந்துபோனது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பொது நிலத்தைத் தலைக்கு இத்தனை ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்து, அதில் பெரும்பகுதி கைமாறியும் விட்டது. 2020 ஜூலை 9 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு குற்ற வழக்கு. குற்றம் செய்தவன் கொடியவன்தான். ஆனால் குற்றம் நடந்த இடம் மஸ்கோகிகளின் எல்லைக்குள் வருமா என்பதுதான் கேள்வி. 5-க்கு 4 என்று தீர்ப்பு: அந்த எல்லையை அமெரிக்க நாடாளுமன்றம் என்றைக்குமே ரத்து செய்யவில்லை, ஆகவே அது இன்னும் இருக்கிறது. கண்ணீர்ப் பாதையின் மறுகோடியில் ஒரு வாக்குறுதி இருந்தது என்றுதான் நீதிபதி நீல் கோர்சச் தீர்ப்பைத் தொடங்குகிறார். யார் வீடும் பறிபோகவில்லை, பட்டா யாரிடம் இருந்ததோ அவர்களிடம்தான். ஆனால் அந்த எல்லைக்குள் பூர்வகுடியினர் மேல் வரும் பெரிய குற்ற வழக்கை மாநிலம் நடத்த முடியாது. அடுத்த வருஷமே செரோக்கி, சாக்டா எல்லைகளுக்கும் மாநில நீதிமன்றம் அதையே சொன்னது. டல்சாவில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் வருகிறது, அந்த ஓக் மரமும் அங்கேதான் நிற்கிறது. எட்மண்ட் வராது, 30 சென்டுக்கும் 15 சென்டுக்கும் போன நிலம் போனதுதான்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பத்திரத்தை இன்னொரு தடவை எடுத்துப் படித்தாள். பேத்தி பள்ளியில் செக்கோயாவின் எழுத்தைப் பற்றிச் சொன்னார்களாம், அவள் பேரை அந்த எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தாள். அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

ஜூலை 2-வது வாரம் ஊருக்கு வருகிறேன். பெரியவன் கல்யாணத் தேதி முடிவானதும் எழுது. அப்புறம், உன் வீட்டுப் பரணில் அந்தப் பழைய 66 அடிச் சங்கிலி கிடந்ததே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதே. துருவைத் துடைத்து எண்ணெய் போட்டு வை. மாப்பிள்ளை அடுத்த தை மாதம் வருகிறார், 100 லிங்கையும் அவருக்கு எண்ணிக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
முத்தையா